மூக்கு வண்டி

எங்கள் கன்னியாகுமரி ஜில்லாவுக்கு ரயில் வந்தது 1979-ல்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலியோடு தண்டவாளம் சேர்ந்தது 1981-ல். அதற்கு முன்னால் வளர்ந்த எங்களுக்குத் தூரம் என்றாலே பஸ்தான். கல்யாணம் முடிந்து பெண் மறுவீடு போனது பஸ்ஸில். பெரியாசுபத்திரிக்கு நோயாளியைத் தாங்கிக்கொண்டு போனது பஸ்ஸில். வடசேரிச் சந்தைக்கு மட்டிக்குலையும் செவ்வாழைக்குலையும் போனது பஸ்ஸின் தலையில். சுசீந்திரம் மார்கழித் தேருக்கும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கும் ஸ்பெஷல் விடுவார்கள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துக்கொண்டு போவோம். வீட்டுக்கு வீடு பைக் வராத காலம் அது. நஞ்சை வைத்திருந்தவரும் நஞ்சையில் நாற்று நட்டவளும் ஒரே வண்டிக்குத்தான் ஒரே நிறுத்தத்தில் நின்றார்கள்.

பூதப்பாண்டிக்கு அந்தப்பக்கம் தாடகை மலை பார்த்த ஊர் எங்களுடையது. ராத்திரி கடைசி வண்டி எங்கள் ஊரில்தான் ஹால்ட். டிரைவரும் கண்டக்டரும் வண்டிக்குள்ளேயே நீள சீட்டில் படுப்பார்கள். விடியுமுன் அவர்களுக்கு எங்கள் பாட்டி சுக்குக்காப்பி கொடுத்து அனுப்புவாள். இருட்டில் ஸ்டார்ட்டர் முதலில் முனகும், விட்டுவிட்டு இருமும், அப்புறம் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டு தடதடக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் ஊர் எழும்பும். பால்காரரும் வாத்தியாரும் கச்சேரிக்குப் போகிறவர்களும் அதை வைத்துத்தான் பல் தேய்த்தார்கள். வளைவில் தலை தெரியுமுன்னே வருவது லேலண்டா பென்ஸா என்று சொல்லிவிடுவோம் நாங்கள். எது சீக்கு பிடித்த வண்டி, எது ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்பதும் தெரியும். திருவனந்தபுரத்திலிருந்து வரும் சிவப்பும் மஞ்சளுமான கேரளா வண்டியில் கண்டக்டர் விசில் ஊதமாட்டார். கூரையோரமாக முன்னும் பின்னும் ஓடும் கயிற்றை இழுப்பார். டிரைவர் தலைக்குமேல் மணி அடிக்கும். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. தக்கலைக்குப் போகும்போது அந்த வண்டி கிடைத்தால், கயிறு எட்டுகிற இடமாகப் பார்த்து நிற்பேன். தொட விடமாட்டார்கள்.

எங்கள் தாத்தாவைப் பாட்டா என்போம். அவரிடம் பஸ் என்று வாயைத் திறந்தால் போதும், 1938-க்குப் போய்விடுவார்.

அந்த வருஷம் பிப்ரவரி 20-ந்தேதி திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். மகாராஜாவும் குடும்பமும்தான் முதல் வண்டியின் முதல் பயணிகள். கவடியார் வரைக்கும் போன அந்த வண்டியை ஓட்டியவர் சால்ட்டர் துரை. அவர் லண்டன் பாசஞ்சர் டிரான்ஸ்போர்ட் போர்டில் வேலை பார்த்தவர். 1937 செப்டம்பரில் திருவிதாங்கூர் அவரைக் கூட்டிவந்து சூப்பரிண்டெண்ட் ஆக்கியிருந்தது. பின்னால் முப்பத்து மூன்று வண்டிகள் வரிசையாக வந்தன. மறுநாள் 21-ந்தேதி முறையான ஓட்டம் தொடங்கியது. முதல் தடமே எங்கள் தடம்தான், திருவனந்தபுரம் – கன்னியாகுமரி. பாறசாலை, களியக்காவிளை, தக்கலை, நாகர்கோவில், சுசீந்திரம் என்று அந்தச் சாலை முழுக்க அப்போது ஒரே ராஜ்யம்.

பாட்டா வடசேரியில் சாலையோரம் நின்று பார்த்தவர். அறுப்பு முடிந்து கையில் காசு இருந்த ஒருநாள் ஏறியும் பார்த்தார். "லேய் மக்கா, உள்ள தோலு வச்சுத் தச்ச சீட்டாக்கும். பொறத்தாலதான் ஏறணும். நடுவில நடக்க வழி. காக்கிச் சட்டை போட்ட கண்டக்டரு, பி.ஏ. படிச்சவன் கேட்டியா, ஒரு மிஷின திருக்கி டிக்கட்டு தந்தான். எனக்கு எந்திரிச்சு நிக்கணும்போல இருந்து." தோல் சீட்டு இருபத்து மூன்று. முதல் வகுப்பென்று தனியாகப் பத்து. கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம், முதல் வகுப்புக்கு அதில் பாதி கூட. இருபத்தெட்டு சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய் என்ற கணக்கில், கன்னியாகுமரியிலிருந்து தலைநகர் வரை போக ஏறக்குறைய ஒரு ரூபாய். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு டிக்கட் கிடையாது, பதினாலு வரைக்கும் அரை டிக்கட். இருபத்தெட்டு ராத்தல் மூட்டைக்குக் கூலி இல்லை. அதற்குமேல் ஐம்பத்தாறு வரை நாலு சக்கரம். பாட்டா இதையெல்லாம் வரி பிசகாமல் சொல்வார். பட்டதாரிகளைக் கண்டக்டராக எடுத்தது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. வந்திறங்கியவை முழு வண்டிகள் அல்ல. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை அறுபது காமர் சேஸ். நீளச் சட்டம், சக்கரம், ஸ்டியரிங், அதன்மேல் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின், அவ்வளவுதான். அதன்மேல் பாடி கட்டியது சால்ட்டரின் மேற்பார்வையில் நம்மூர்க் கைவினைஞர்கள். பாதி லூட்டன் நகரத்துத் தொழிற்சாலை, பாதி திருவிதாங்கூர் ஆசாரி. பஸ் என்பது கடையில் வாங்குகிற சாமான் இல்லை, கட்டுகிற சாமான் என்பது அப்போதே என் மனசில் பதிந்துவிட்டது. அதை நேரில் பார்க்கும் பாக்கியம் ஒரு முழுப்பரீட்சை லீவில் வந்தது.

என் மாமா, அம்மாவின் அண்ணன், சர்க்கார் டெப்போவில் ஃபிட்டர். அந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடம் டெப்போ ஏலத்தில் கழிவு வண்டி ஒன்றை எடுத்தது. லேலண்டு காமெட், மூக்கு வண்டி. எஞ்சின் டிரைவருக்கு முன்னால் பானட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வகை. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் அசோக் லேலண்டு ஆன கம்பெனியின் பழைய வார்ப்பு அது. ஒழுகினசேரிப் பக்கம் பழையாற்றங்கரையில் இருந்த ஒரு பாடிப் பட்டறைக்கு அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஒரு கண் விளக்கு இல்லை. மேல்கூரை நடுவில் பள்ளம் விழுந்து மழைத்தண்ணீர் நின்றது. ஜன்னல் சட்டத்தில் ஆலஞ்செடி முளைத்திருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஓட வேண்டும் என்று ஒப்பந்தம். மாமா டெப்போ ஷிப்ட் முடிந்ததும் எஞ்சின் வேலைக்கு வருவார். எனக்கு லீவானதால் காலையிலேயே அங்கே போய்விடுவேன். மாமி தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் கொடுத்தனுப்பிவிட்டால் அப்புறம் பொழுது அடைகிறவரை வீட்டு நினைவே வராது.

முதல் வேலை பிரித்தல். உளியை ரிவெட்டின் தலைக்குக் கீழே கொடுத்து ஒரே தட்டு. தலை தெறித்துப் போகும். உடம்பை ஆணிமுளையால் தள்ளி எடுப்பார்கள். வரிசை வரிசையாக ரிவெட் போனதும் அலுமினியத் தகடு தளர்ந்து சரியும். அதற்குள்ளே தேக்குத் தூண்கள். நாலு பக்கமும் தகடு போன பிறகு ஓடு பிரித்த வீடு மாதிரி நின்றது வண்டி. வெளியே இவ்வளவு தகரமாகத் தெரிந்த சாமானுக்குள் இத்தனை மரமா என்று வாய்பிளந்து பார்த்தேன்.

பட்டறையின் மூத்தாசாரி வெற்றிலை மென்றபடி ஒரு சின்னச் சுத்தியலோடு வண்டியைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு தூணிலும் மேலே ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, அடியில் ஒரு தட்டு. கணீரென்றால் அடுத்ததுக்குப் போவார். சத்தம் மந்தமானால் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு விழுந்தது பெரும்பாலும் அடியில்தான். ஏன் என்று கேட்டேன். கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். கண்ணாடி ஓரமாக வழிகிற மழை தூணோடு இறங்கி, தூணும் தரைக்கட்டையும் சேருகிற மூலையில் நின்றுவிடும். வெளியே வர வழி கிடையாது. அங்கே இருக்கிற இரும்பு போல்ட் துருப்பிடித்து வீங்கி மரத்தைப் பிளக்கும். பிளந்த மரத்தில் இன்னும் தண்ணீர். "மேல பாத்தா ஒண்ணும் தெரியாது மக்கா. பாடி கெடுகது அடியில. இதுல பெயிண்ட அடிச்சுக் கொடுத்தா ஆறு மாசம் ஜோரா ஓடும், அப்புறம் ஆள ஏத்திக்கிட்டு ஒடிஞ்சு விழும்."

கெட்டது எல்லாவற்றையும் அவர் தூக்கி எறியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாடம். ஒரு தூணின் அடி ஒரு முழம் மக்கிப்போயிருந்தால் அந்த ஒரு முழத்தை மட்டும் நீளச் சாய்வாக அறுத்தெடுத்தார். புதுத் தேக்கில் அதே சாய்வு சீவி, வைத்துப் பார்த்து, எடுத்து, இன்னொரு இழை சீவி, மறுபடி வைத்து, வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருந்திய பிறகே பசை தடவிப் போல்ட் முடுக்கினார். பழைய தேக்கு எண்ணெய் ஏறிக் கறுப்பாக இருந்தது, புதுசு மஞ்சளாக இருந்தது. அந்தச் சாய்வுக் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினால் அகப்படவில்லை. அப்போது அவர் செய்ததைத்தான் இன்று உலகம் முழுக்கப் பழைய வண்டி மீட்கிறவர்கள் தலையாய முறையாகக் கொள்கிறார்கள். இருப்பதில் நல்லதை எல்லாம் வைத்துக்கொள், போனதை மட்டும் மாற்று. அவர் அதைச் செய்தது மரம் விலை கூடியது என்பதால். காரணம் எதுவானாலும் அந்த வண்டியின் முதல் தூண்களில் பெரும்பகுதி அந்த வண்டியிலேயே நின்றது.

தகடு ஏற்றும்போது எனக்கும் வேலை கிடைத்தது. இரும்புப் பட்டையும் அலுமினியத் தகடும் நேராகத் தொடக்கூடாது, நடுவில் பெயிண்டில் முக்கிய கித்தான் கீற்று வைக்க வேண்டும். கடல்காற்று ஊர் இது. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்து உப்பீரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப்பொடி பூத்துத் தின்றுபோகும். கித்தான் இருந்தால் வண்டி குலுங்கும்போது கிரீச்சிடவும் செய்யாது. அந்தக் கீற்றுகளை வெட்டி முக்கித் தருவது என் பொறுப்பு. ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் வெளியே சுத்தியலோடு, ஒருவர் உள்ளே கனத்த இரும்புக்கட்டியை ரிவெட்டின் வாலில் அணைகொடுத்துப் பிடித்தபடி. அந்தக் கட்டியை டாலி என்பார்கள். பின்மூலையில், டயர் வளைவுக்கும் சீட்டுக் கட்டைக்கும் நடுவே, பெரியவர்களின் தோள் நுழையாது. "மருமவனே, நீ கேறு" என்றார் மாமா. உள்ளே முடங்கி உட்கார்ந்து இரண்டு கையாலும் டாலியை அழுத்திக்கொண்டேன். வெளியே அடி விழ விழ உள்ளங்கையிலிருந்து தோள்மூட்டுவரை அதிர்ந்தது. அணை சரியாக இருந்தால் சத்தம் கெட்டியாக வரும், நழுவினால் சலசலக்கும். கண்ணால் பார்க்காமல் காதாலேயே நானும் வெளியே அடித்த மனுஷரும் பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் ரசவடை வந்தது. எனக்கும் வேலையாட்கள் கணக்கிலேயே வந்தது.

எஞ்சின் பக்கம் மாமாவின் ராஜ்யம். அதைப்பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. தலையைக் கழற்றி வால்வு அரைத்ததும், ரேடியேட்டரின் சுண்ணாம்புக் கட்டியைச் சுரண்டியதும், கையெல்லாம் டீசலாக அவர் சோறு சாப்பிட்டதும்தான் நினைவிருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். கிடைக்காத சாமானை அவர் செய்தார். கோட்டாற்றில் லேத் வைத்திருந்த ஒருவரிடம் தேய்ந்த பழைய பிஸ்டன் பின்னைக் கொண்டுபோய்க் காட்டி, அளவு சொல்லி, கூடவே நின்று கடைந்து வாங்கி வந்தார். சந்தையில் ஸ்பேர் இல்லை என்பது அன்றைய பட்டறைக்காரர்களின் வாயில் வராத பேச்சு.

தகடு பழையதும் கொஞ்சம் திரும்ப ஏறியது. நெளிவெடுத்து, பட்டி வைக்குமுன் பழைய பெயிண்டைச் சுரண்டினார்கள். தகரச் சீப்பின் கீழே சுருள் சுருளாக நிறங்கள் உதிர்ந்தன. மேலே ஒரு நிறம், அதன்கீழ் வேறொன்று, அதன்கீழ் இன்னொன்று. ஒரு தகட்டில் கடைசி அடுக்குக்கு முந்திய அடுக்கில் மலையாளத்தில் ஒரு எழுத்தின் வளைவு தெரிந்தது. மாமா சுரண்டுவதை நிறுத்தி, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். "இது ராஜா காலத்துத் தகடாக்கும். வேற ஏதோ வண்டியில கெடந்தத எடுத்து இதுல வச்சுருக்கான்." 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது சாலை பிரிந்தது, ஆபீஸ் பிரிந்தது, எழுத்து மாறியது. தகடு மட்டும் வண்டிக்கு வண்டி தாவித் தப்பித்து எங்கள் கைக்கு வந்திருந்தது. லண்டனில் வண்டி மீட்கிறவர்கள் பழைய நிறத்தைக் கண்டுபிடிக்க இப்படித்தான் பெயிண்ட் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்க்கிறார்கள் என்று பின்னாளில் படித்தபோது ஒழுகினசேரியின் அந்த மத்தியானம் அப்படியே எழும்பி வந்தது.

சீட்டுக்குத் தேங்காய் நார். நன்றாக அடித்துச் சிக்கெடுத்து, கோணிமேல் பரப்பி, அதன்மேல் ரெக்ஸின் இழுத்து ஆணி அடித்தார்கள். நாருக்கு நம் ஜில்லாவில் பஞ்சமா? புதுச் சீட்டில் முகம் வைத்துப் படுத்தால் ரெக்ஸின் வாசனைக்கு அடியிலிருந்து நார் வாசனை வரும். பெயிண்டர் வந்தது கடைசியில். பட்டி, வாட்டர் பேப்பர், பிரைமர், மறுபடி வாட்டர் பேப்பர் என்று தேய்த்துத் தேய்த்துப் பரப்பை வழவழப்பாக்கியபிறகு இரண்டு கோட்டிங். காய்ந்ததும் சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை முன்மூலையிலிருந்து பின்மூலைக்கு விறைப்பாகப் பிடித்து நடுவில் சுண்டினார். நேர்கோடு விழுந்தது. நீள மயிர் பிரஷ்ஷில் பெயிண்ட் தொட்டு, இடது கையில் சாய்த்த கம்பின்மேல் வலது மணிக்கட்டை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியின் நீளத்துக்கு ஒரே இழுப்பாக நடந்தார். அவர் நடக்கும்போது பட்டறையில் யாரும் பேசவில்லை. பிறகு பள்ளிக்கூடத்தின் பெயரை நிழல்கொடுத்த எழுத்தில் எழுதினார்.

வெள்ளோட்டம் ஆரல்வாய்மொழிக்கு. எதிர்காற்றில்தான் எஞ்சினின் யோக்கியதை தெரியும் என்றார் மாமா. கணவாயின் காற்று பானட் மூடியைப் படபடவென்று அடித்தது. ரப்பர் பந்து ஹாரனை அமுக்க என்னை விட்டார்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத காலம். திருப்பத்தில் மாமா சீட்டிலிருந்து எழும்பி உடம்பு முழுவதையும் போட்டு வளையத்தைத் திருப்பினார். மூத்தாசாரி பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் காற்றையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. தான் ஒட்டுப்போட்ட தூண்களில் ஏதாவது முனகுகிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்த வண்டி நெடுங்காலம் பிள்ளைகளை ஏற்றியது. நான் காலேஜுக்குப் போன காலத்தில் அதை உடைத்து எடைக்குப் போட்டுவிட்டதாக மாமா சொன்னார். தேக்கு தனியாக, அலுமினியம் தனியாக, இரும்பு தனியாக விலைபோனது. அவர் சொன்னது அவ்வளவுதான். அன்று ராத்திரி சாப்பிட உட்காரவில்லை.

டெப்போ வண்டிகளின் விலாவில் எழுத்து மாறிக்கொண்டே இருந்தது. 1974-ல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். 1983-ல் அதிலிருந்து பிரிந்து, ராணித்தோட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்டு எங்கள் ஜில்லாவுக்கென்று நேசமணி போக்குவரத்துக் கழகம். தாய்த் தமிழகத்தோடு சேரப் போராடிய மார்ஷல் நேசமணியின் பெயர் ஏறிய வண்டி முதன்முதலில் ஊருக்குள் வந்தபோது பாட்டா வாசலில் எழும்பி நின்றார். 1997-ல் தமிழ்நாடு முழுக்கக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயரை அரசு எடுத்தது. பெயர் போனது சரி. அந்தப் பெயர் எழுதிய ஒரு வண்டியையாவது அப்படியே ஒதுக்கி நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கார் என்றால் அதற்கொரு வீடு உண்டு, ஒரு குடும்பம் உண்டு, துடைக்க ஆள் உண்டு. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் பென்ஸ் கார் திருவனந்தபுரத்தில் பல பத்தாண்டுகள் பளபளப்புக் குறையாமல் பேணப்பட்டது. அது நல்ல காரியம். ஆனால் அவருடைய அண்ணன் சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்த பஸ்ஸில் ஏறியவர்கள் லட்சோபலட்சம். அத்தனை பேருக்கும் சொந்தமானது என்பதாலேயே பஸ்ஸுக்குத் துடைக்க ஒரு கை இல்லாமல் போய்விடுகிறது. சட்டமும் அதைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை. 2021-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஐம்பது வயது கடந்த பழம்பெரும் வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்று தனி எண்வரிசை கொடுத்தது. அது பைக்குக்கும் சொந்த உபயோகக் காருக்கும்தான், பஸ்ஸுக்கு அதில் இடமில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவும் இல்லை. கழக பஸ்கள் உட்பட எல்லாம் உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். புகைக்கும் பழைய வண்டியைச் சாலையிலிருந்து எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயிரம் வண்டி உடைபடும்போது ஒன்றை எடுத்து வைக்க ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சால்ட்டர் வந்த ஊரில் எடுத்து வைத்தார்கள். லண்டனில் 1954-க்கும் 1968-க்கும் இடையே கட்டிய ரூட்மாஸ்டர் இரட்டை மாடி வண்டிகள் 2,876. 2005 டிசம்பர் 9-ல் 159-ம் தடத்தில் அவற்றின் வழக்கமான ஓட்டம் முடிந்தபோது சாலை நிறைய ஜனம். ஆயிரத்துக்கும் மேலே இன்னும் பிழைத்திருக்கின்றன, பாதுகாப்போர் சங்கங்களிடமும் தனிமனிதர்களிடமும். அந்த ஊரின் அதற்கு முந்திய தலைமுறை வண்டிகள் நூற்றுக்கணக்கில் கொழும்புக்கு வந்து, 1958-ல் தொடங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபையில் ஓடிய கதையை அங்குள்ள நம் ஜனங்கள் இன்னும் சொல்வார்கள். மும்பையில் பெஸ்ட் நிறுவனம் ஆணிக் டெப்போவில் ஒரு மியூசியம் வைத்திருக்கிறது. 2023 செப்டம்பர் 15-ல் சிவப்பு டீசல் இரட்டை மாடியின் கடைசி ஓட்டத்துக்கு மக்கள் மாலை கட்டி வந்தார்கள். ஹரியானாவில் தாவுரு என்ற சின்ன ஊரில் 2013-ல் திறந்த போக்குவரத்து மியூசியத்தில் பழைய வாகனங்களைப் பார்க்கக் காசு கொடுத்துப் போகிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் ஓடி ஓய்ந்த வண்டிகளை 2020-ல் மூணாறில் தங்கும் அறையாக மாற்றினார்கள். அதில் சுற்றுலாக்காரர்கள் தூங்குகிறார்கள். பாதுகாப்பு என்று அதைச் சொல்ல மாட்டேன், உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது. ஆனாலும் பாடி நிற்கிறது.

இந்தியாவின் ராஜபாட்டைகளில் எங்கள் சாலைக்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. திருவிதாங்கூர் அரசு பஸ் இங்கேதான் முதலில் ஓடியது. ராஜ்யம் பிரிந்தபோது பஸ்ஸும் பிரிந்தது. ஒரு மூக்கு வண்டி, ஒரு லேலண்டு வைக்கிங், 'TN 74 N' என்று நம்பர் போட்ட ஒரு நேசமணி வண்டி, இந்த மூன்றையும் நாகர்கோவிலில் ஒரு கூரையின் கீழ் நிறுத்தினால் போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறி இறங்கட்டும். நிறுத்துவதோடு வேலை முடியாது. சும்மா நிற்கிற வண்டிக்கு டயர் ஒருபக்கம் அமுங்கும், டீசல் பிசினாகும், பிரேக் இறுகும். அச்சுக்கு முட்டுக்கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். வாரம் ஒருமுறை எஞ்சினை ஓட்டிச் சூடேற்ற வேண்டும். முதலில் கூரை, பிறகு தூணின் அடி, பிறகு தகடு. பெயிண்ட் கடைசியில். பெயிண்டுக்கு முன்னால் பழைய அடுக்குகளில் ஒரு சாண் அளவைச் சுரண்டாமல் அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

வண்டி கிடைக்காதா என்றால் கிடைக்கும். கழித்துவிட்ட பாடிகள் இன்னும் தோப்புகளில் காவல் குடிசையாகவும் செங்கல் சூளையோரம் சாமான் அறையாகவும் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கை கிடைப்பதுதான் அவசரம். மூத்தாசாரி போய்விட்டார். மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் எஞ்சின் சத்தம் கேட்டால் எந்த வால்வு என்று இன்னும் சொல்வார். அவரோடு வேலை பார்த்த டிங்கரும் வெல்டரும் சீட்டுக்காரரும் வடசேரியிலும் பார்வதிபுரத்திலும் எழுபதைத் தாண்டி இருக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அவர்களைப் பார்த்தபோது இந்தப் பேச்சை எடுத்தேன். சேஸ் மட்டும் நேராக இருந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சீட்டுக்காரர் சொன்னார். டிங்கர், தகடு எந்த கேஜில் வாங்க வேண்டும் என்று பந்தலிலேயே ஆரம்பித்துவிட்டார்.